கூரை மேல் இரண்டு சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிள்ளானில் எங்கள் தாமானே இருட்டாக இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் விளக்கு எரியும். நானும் மகனும் காடியின் நடு இருக்கைகளையும் பின் இருக்கைகளையும் மடக்கி, பழைய போர்வை ஒன்றை விரித்து, முன்சக்கரம் கழற்றிய இரண்டு மலைச் சைக்கிள்களை உள்ளே படுக்க வைத்துக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டை. பெடல் கண்ணாடியில் இடிக்காமலிருக்க ஒரு தலையணை. எல்லாம் முடிந்து கதவைச் சாத்தும்போது, ஏழு பேர் உட்காரக்கூடிய காடியில் இரண்டே இருக்கைகள் மிச்சமிருக்கும்.

ஒன்றில் நான். மற்றதில் மகன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று மனைவி, "பத்திரமா போயிட்டு வாங்க" என்பார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் சின்னவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தூக்கக் கலக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

நாங்கள் போவது கோல குபு பாருவுக்கு. போய்ச் சேர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திரும்பி வந்தால் 180. ஏன் சைக்கிளை உள்ளே போட்டுப் போகிறீர்கள், கூரையில் கட்டினால் எல்லாரும் போகலாமே என்று யாராவது கேட்டால், என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: எண்ணெய் தின்னும்.

இந்தப் பதில் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும், ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் ஒரு 555 நோட்டில் குறித்து வைப்பார். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. "எண்ணெய் டாங்கில இல்லடா, கால்ல இருக்கு" என்பது அவர் அடிக்கடி சொன்ன பாடம். அவர் போன பிறகு லோரிச் சாவி தோட்டத்துக்குத் திரும்பிப் போனது. நோட்டுப் பழக்கம் எனக்கு வந்து சேர்ந்தது.

என் காடி ஒரு பழைய பெரோடுவா அல்சா, 1.5 லிட்டர் இயந்திரம், தானியங்கி கியர். எண்ணெய்க் கணக்கு எடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எப்போதும் ஒரே எண்ணெய் நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், முதல் தடவை 'டக்' என்று நிற்கும் வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் அமுக்கி அமுக்கி ஊற்றக் கூடாது. தூர மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டி, அடுத்த முறையும் அதே போல் நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஒரு தடவை கிடைத்த எண்ணை நம்ப வேண்டாம். மழை, நெரிசல், எதிர்காற்று என்று ஆயிரம் இருக்கிறது. நான்கைந்து தடவை எடுத்துச் சராசரி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படிப் பார்த்ததில், சைக்கிளை உள்ளே போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் 110-இல் போனால் என் காடி லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் தந்தது. ஒரு நண்பரிடம் ரூஃப் ரேக் இரவல் வாங்கி, இரண்டு சைக்கிளையும் கூரையில் நிறுத்தி அதே வேகத்தில் போனபோது 10.2. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மறு வாரமே ரேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோட்டில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டு 'வேண்டாம்' என்று எழுதியும் வைத்தேன்.

காப்புறுதிக் கடிதம் தேடிய ஒரு நாள் மனைவியின் கையில் அந்த நோட்டு சிக்கியது. அவர் பாலர் பள்ளி ஆசிரியை. யார் எழுதிய கணக்கானாலும் திருத்தாமல் விட மாட்டார். சமையலறை மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"180 கிலோமீட்டருக்கு, உள்ள வச்சா எத்தன லிட்டரு?"

"பதிமூணு சொச்சம்."

"மேல வச்சா?"

"பதினேழரைக்கு மேல."

"வித்தியாசம் நாலு புள்ளி மூணு லிட்டரு. லிட்டரு ஒரு வெள்ளி தொண்ணூத்தொம்பது காசு." எழுதிப் பெருக்கினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "அப்போ நானும் பாப்பாவும் வராததுல ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு மிச்சம் எட்டு வெள்ளி அம்பத்தாறு காசு. அவ்ளோதானா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பெருக்கலைச் சரிபார்க்கும் குரலில்தான் கேட்டார். நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் அந்த வாரமே பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் குறுக்குத் தண்டு இரண்டும் சைக்கிள் தாங்கி இரண்டும் வாங்கினேன். 480 ரிங்கிட். மனைவி அதையும் நோட்டில் எழுதச் சொன்னார்.

விலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. என் நோட்டின் பழைய பக்கங்களில் ரோன்95 லிட்டருக்கு 2.05 ரிங்கிட். 2025 செப்டம்பர் 30-இலிருந்து மைகார்டைக் காட்டி ஊற்றினால் 1.99. சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனரிடம் இந்த எட்டு வெள்ளிக் கதையைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அங்கே எண்ணெய் விலை நம் விலையைப் போல் பல மடங்கு. இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போகலாம் என்றால், பாலத்தைத் தாண்டும் முன்பே சிங்கப்பூர்க் காடியின் டாங்கில் முக்கால் பங்கு எண்ணெய் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுக் காடிகளுக்கு இங்கே ரோன்95 ஊற்றவும் தடை இருக்கிறது. அவர் சைக்கிளைக் கூரையில் வைத்தால் என் மனைவி போட்ட கணக்கு வேறு விதமாகத்தான் வரும்.

ரேக் வந்தது. ஆனால் லிட்டருக்கு 10.2 என்ற எண்ணை என்னால் விழுங்க முடியவில்லை. அப்பாவின் மகன் அல்லவா! எங்கே போகிறது இந்த எண்ணெய் என்று தெரிந்துகொள்ள ஆசை. முதலில் எடைதான் காரணம் என்று நினைத்தேன். மகன் படிவம் நான்கு. இயற்பியல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான்.

"ஒரு சைக்கிள் 14 கிலோ. ரெண்டும் சேர்த்து 28 கிலோ. பாப்பாவோட எடைதான் இருக்கும், அப்பா."

28 கிலோவை 800 மீட்டர் உயரத்துக்கு மலையேற்றினால் எவ்வளவு எண்ணெய் செலவாகும் என்று பார்த்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல். இயந்திரச் சூட்டிலும் புகையிலும் போனது போக, கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், விடை 27 மில்லிலிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டி கூட நிறையாது. காசாகப் பார்த்தால் ஐந்து அல்லது ஆறு சென். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது இன்னும் குறைவு.

எடை இல்லையென்றால் என்ன? காற்று.

காடி என்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற பொருள். அதன் உருவத்தை வழவழப்பாக்க, தொழிற்சாலையில் பல பேர் பல வருடம் உழைக்கிறார்கள். அதன் தலையில் நாம் குழாயும் கம்பியும் கைப்பிடியும் சக்கரமுமாக இரண்டு பந்தல்களை நட்டு வைக்கிறோம். உருண்டைக் குழாய்க்குப் பின்னால் காற்று சுழலும். ஒவ்வொரு ஆரக்கம்பியும் தன் பங்குக்குக் காற்றைக் கலக்கும். கூரை மேல் ஒழுங்காக வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காற்றும் அதில் கெட்டுவிடும். வேகம் கூடக் கூட இந்தத் தடை அதே அளவில் கூடுவதில்லை. வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 80-லிருந்து 110-க்கு நீங்கள் காலை அழுத்தினால், வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கும். காற்றுத் தடையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2016-இல் ரூஃப் ரேக் பற்றி வெளியிட்ட ஆய்வில், அது எண்ணெய்ச் செலவை 25 விழுக்காடு வரை கூட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் நோட்டுக் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 13.5-லிருந்து 10.2 என்றால் லிட்டருக்கு ஓடும் தூரத்தில் கால் பங்கு போய்விட்டது.

ஆக, எண்ணெயைத் தின்றது சைக்கிள் மட்டும் இல்லை. சைக்கிளும் 110-உம் சேர்ந்துதான். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கால்தான். எனக்குத்தான் சைக்கிளை மட்டும் குற்றம் சொல்லத் தோன்றியது.

நான்கு பேராக நாங்கள் போன முதல் ஞாயிறு நன்றாகவே நினைவிருக்கிறது. கிள்ளானிலிருந்து நெடுஞ்சாலை ஏறி, இடது தடத்தில் 85-இல் போனேன். "ஏம்பா, எல்லாரும் நம்மள முந்திட்டுப் போறாங்க" என்று சின்னவள் பின்னால் இருந்து குறைபட்டாள். லோரியின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் காற்று குறையும் என்று அந்தக் காலத்து ஓட்டுநர்கள் சொல்வார்கள். உண்மைதான், குறையும். ஆனால் லோரி பிரேக் போட்டால் நமக்கு எண்ணெயும் வேண்டாம், காடியும் வேண்டாம். அந்தப் பாடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் நானும் மகனும் நெடுஞ்சாலையிலேயே லெம்பா பெரிங்கின் வரை ஓடி, அங்கே இறங்கித்தான் கோல குபு பாருவுக்குப் போவோம். வேகமான வழி. வழியில் பார்க்க ஒன்றுமில்லை. இந்த முறை ரவாங்கிலேயே இறங்கிப் பழைய சாலையைப் பிடித்தேன். நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு வடக்கே போகிற எல்லாரும் போன கூட்டரசு ஒன்றாம் எண் சாலை இதுதான். கூடுதலாக 25 நிமிடம் ஆகும். ஆனால் இங்கே யாரும் 110-இல் போக முடியாது.

ரவாங்கைப் பலர் நெரிசலுக்காகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்தது இங்கேதான், 1894-இல். ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் லோக் யூ. மற்றவர் நம்முடைய தம்புசாமி பிள்ளை. பத்துமலையையும் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலையும் சொல்லும்போது வருகிற அதே தம்புசாமி பிள்ளைதான். இதைச் சொன்னதும் மகன் கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான். காடியில் நான் சொல்வதை நம்பாமல் தேடிப் பார்ப்பது அவன் வழக்கம்.

ரவாங்கைத் தாண்டினால் சுங்கை சோ. பெரோடுவா தொழிற்சாலை இருக்கும் இடம். 1994-இல் கஞ்சில் காடி இங்கிருந்துதான் வந்தது. எங்கள் அல்சாவும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். "பொறந்த வீட்டத் தாண்டிப் போவுது, ஒரு ஹார்ன் அடிங்கப்பா" என்றாள் சின்னவள். அடித்தேன். முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாலையோரம் செம்பனை, இடையில் கொஞ்சம் ரப்பர், திடீரென்று ஒரு கோயில் கோபுரம், பெயர்ப்பலகை மங்கிய கடை வரிசை. பத்தாங் காலிக்கு அருகே ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 1948 டிசம்பரில் ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் சீனத் தொழிலாளர்கள். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஊர் முடிந்துவிட்டது. திரும்பும்போது மகனிடம் மட்டும் சொன்னேன். அதையும் அவன் தேடிப் பார்த்தான். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

கோல குபு பாருவில் பசியாறினோம். தோசையும் தே தாரேக்கும். இந்த ஊரின் பெயரிலேயே 'பாரு', அதாவது புதியது என்று இருக்கிறது. பழைய கோல குபுவில் 1883-இல் அணை உடைந்து பெரும் வெள்ளம் வந்தது. பிறகும் வெள்ளமும் மணலும் விடவில்லை. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றி, சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்டமிடுநரின் வரைபடப்படி தோட்ட நகரமாகக் கட்டினார்கள். அதனால்தான் இந்தச் சின்ன ஊரில் இவ்வளவு மரமும் திடலும். மனைவி ஒரு பெஞ்சைப் பார்த்து, "நான் இங்கேயே இருந்துடவா?" என்றார். ஒரு வருடமாக நானும் மகனும் இதே ஊரில் தோசை தின்றிருக்கிறோம். அந்தத் திடலை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

ஊரைத் தாண்டியதும் சாலை ஏறும். முதலில் சிலாங்கூர் ஆற்று அணை, கீழே பச்சைத் தண்ணீர், சுற்றிலும் காடு. இதே சாலைதான் கேப் வழியாகப் ஃபிரேசர் மலைக்குப் போகிறது. 1951 அக்டோபர் 6-இல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி இந்தச் சாலையில்தான் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சைக்கிள்காரர்களின் ராஜ்யம். தார்ச் சாலையிலேயே மேலே வரை மிதிப்பவர்கள் ஒரு பக்கம். எங்களைப் போலப் பெர்த்தாக் பூர்வகுடி மக்கள் கிராமப் பக்கம் திரும்பி மண்பாதை தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

நாங்கள் இறங்கிச் சேற்றில் உருண்டுவிட்டு வரும்வரை, மனைவியும் சின்னவளும் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சின்னவளின் பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது. கையில் ஏழு கூழாங்கற்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். வரும் வழியெல்லாம் பின் இருக்கையில் அந்தக் கற்களின் குடும்பக் கதைதான் ஓடியது. காலையில் கேட்ட, எல்லாரும் முந்துகிறார்கள் என்ற குறை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இறக்கத்தில் இன்னொரு விஷயம். அப்பா மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டு விடுவார். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் இயந்திரத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். இப்போதைய காடியில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், கணினி எண்ணெயை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இயந்திரத்தைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இயந்திரம் அணையாமலிருக்கச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, வேகத்தைப் பிடித்து வைக்கும் இயந்திரத்தின் பிடியும் போய்விடும். பிரேக் சூடாகும். ஆகவே இறக்கத்தில் தாழ்ந்த கியர், கால் மேலே. இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். எனக்கு நேரமும் கிடைக்கவில்லை.

அன்று மாலை நிரப்பிப் பார்த்தேன். நான்கு பேர், கூரையில் இரண்டு சைக்கிள், 85-உம் பழைய சாலையும். லிட்டருக்கு 12.4. பழைய கணக்கோடு ஒப்பிட்டால், முழுப் பயணத்துக்கும் கூடுதல் செலவு ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். மகன் எட்டிப் பார்த்தான்.

"நீங்க தப்பா கணக்கு எடுக்கிறீங்கப்பா. காடி எவ்ளோ ஓடுச்சுன்னு பாக்கறீங்க. ஆளு எவ்ளோ ஓடுனாங்கன்னு பாருங்க. அப்போ ரெண்டு பேரு, 13.5. ஆளுக்குன்னு பாத்தா ஒரு லிட்டருல 27 கிலோமீட்டர். இப்போ நாலு பேரு, 12.4. கிட்டத்தட்ட 50."

நான் பதில் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் போய் இதையே சொன்னான். அங்கே அவனுக்கு வடை கிடைத்தது.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது பயணத்தில் வீடு திரும்பும் வழியில், சின்னவளுக்குப் பள்ளிக் காலணி வாங்க ஒரு பேரங்காடிக்குத் திருப்பினேன். நிறுத்துமிட வாசலில் சங்கிலியில் தொங்கும் மஞ்சள் கட்டை, அதில் 2.1 மீட்டர் என்று கொட்டை எழுத்தில். படித்தேன். படித்துவிட்டு, நம் காடி அவ்வளவு உயரமில்லையே என்று நினைத்தேன். "அப்பா, மேல சைக்கிள்" என்று சின்னவள் சொல்லி முடிப்பதற்குள் 'டமார்'. காவலாளி ஓடி வந்தார். பின்னால் நான்கு காடிகள் ஹார்ன் அடித்தன. மகனின் சைக்கிளில் இருக்கை கோணிக்கொண்டது, கைப்பிடி திரும்பிவிட்டது. என் காடியின் கூரையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு பள்ளம். ஸ்டியரிங்கில் இப்போது ஓர் ஒட்டுத்தாள் இருக்கிறது: 'மேலே சைக்கிள். 2.8 மீட்டர்.' சைக்கிளைக் கூரையில் ஏற்றுகிற எல்லாரும் ஊர் புறப்படும் முன்பே அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த ஒரு நிமிட மறதிக்கு ஆன செலவில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கலாம் என்று நான் கணக்குப் போடவில்லை.

அப்படியானால் பின்புறம் கட்டலாமே என்று கேட்பீர்கள். பின் கதவில் வார் போட்டு மாட்டும் ரேக்கையும் பார்த்துவிட்டேன். 110-இல் லிட்டருக்கு 12.1 தந்தது. கூரையைவிடத் தேவலாம். காடியே காற்றை ஒதுக்கிவிட்டுப் போவதால் பின்னால் இருக்கும் சைக்கிளுக்குத் தடை குறைவு. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்கள் மட்டும்தான் காற்றில் படும். ஆனால் வார் தளரும். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி இழுக்க வேண்டும். எண் பட்டையையும் பின்விளக்கையும் சைக்கிள் மறைத்தால் குற்றம். பின் கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தல் எடுக்கவும் வழியில்லை. எனக்கு ஒத்து வரவில்லை. உங்கள் காடியின் அமைப்பு வேறாக இருக்கலாம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. நான்கு பேரும் சைக்கிளுமாகப் போகும் காலையில் டயர் காற்றைப் பாருங்கள், டயர் சூடாவதற்கு முன்பு. எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்குத் தனி எண் இருந்தால் அதை வையுங்கள். இன்னொன்று, முன்சக்கரத்தைக் கழற்றி முள்கரண்டியில் பூட்டும் தாங்கி கிடைத்தால் அதையே வாங்குங்கள். சைக்கிள் சற்றுத் தாழ்ந்து நிற்கும், காற்றும் ஒரு சக்கரம் குறைவாகத்தான் மோதும். கழற்றிய சக்கரத்தைக் காலடியில் போட்டுக்கொள்ளலாம். சேறு ஒட்டும், அதற்குத்தான் பழைய போர்வை.

ஐந்தாவது பயணத்துக்குள் சின்னவளுக்கும் ஒரு சைக்கிள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வளர்ந்து விட்டுவிட்ட சைக்கிள், நீல நிறம். கூரையில் மூன்றாவது தாங்கி ஏறியது. பாறையில் உட்கார இப்போது மனைவி மட்டும்தான். அவர் ஒரு புத்தகமும் ஃபிளாஸ்கும் கொண்டு வருகிறார். சைக்கிள் வேண்டுமா என்று கேட்டேன். "கணக்கு எழுத ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

வீடு வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நான் அதில் கண்டிப்பு. ரேக்கைக் கழற்றிவிட வேண்டும். வெறும் ரேக்கோடு போனாலே, 13.6 தந்த காடி 13.0-தான் தருகிறது. வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற காடி, ஞாயிற்றுக்கிழமைச் சுமையை எதற்குத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? எட்டுத் திருகாணி. வாசல் விளக்கு வெளிச்சத்தில் மகன் ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போட, நான் நோட்டில் எழுதுவேன்.

நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. மனைவி அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து, தலைப்பில் 'ஆள்' என்று எழுதி வைத்தார். போன ஞாயிறு: 182 கிலோமீட்டர், 15.3 லிட்டர், 11.9. சைக்கிள் 3. ஆள் 4. எழுதி முடித்து நோட்டை மூடப் போனபோது சின்னவள் பேனாவைப் பிடுங்கி, காடியின் கடைசி வரிசை இருக்கைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, 4-க்குப் பக்கத்தில் 'அடுத்த வாரம் பாட்டியும்' என்று எழுதினாள்.